புகையைக் கிராஃபீன் ஆக்கலாம், ஆனால் எந்த மின்சாரத்தில்?

உலர் பனிக்கட்டியில் ஒரு குழி தோண்டி, அதில் மெக்னீசியத் துருவலைப் போட்டுப் பற்றவைத்து, மேலே இன்னொரு உலர் பனிக்கட்டியை வைத்து மூடினால் நெருப்பு அணைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உலர் பனிக்கட்டி என்பது உறைந்த கரியமில வாயு, சில வகைத் தீயணைப்பான் உருளைகளில் அடைத்து வைத்திருப்பதும் அதே வாயுதான். ஆனால் அணையாது. உள்ளே விளக்கேற்றி வைத்தது போல அந்தக் கட்டி முழுவதும் வெள்ளையாக ஒளிரும், கண் கூசும். ஆறிய பிறகு திறந்து பார்த்தால் வெள்ளைச் சாம்பலும் கறுப்புத் தூளும் கலந்து கிடக்கும். வெள்ளையாக இருப்பது மெக்னீசியம் ஆக்சைடு, கறுப்பாக இருப்பது கார்பன். கரியமில வாயுவில் இருந்த ஆக்சிஜனை மெக்னீசியம் பிடுங்கிக்கொண்டது, கார்பன் தனியாக நின்றுவிட்டது.

பட்டர்வொர்த்தில் ஐந்தாம் படிவம் படிக்கும் என் அக்கா மகள் இந்தச் சோதனையின் காணொளியை அனுப்பி, "மாமா, இந்தக் கறுப்புத் தூளில கிராஃபீன் இருக்குன்னு சொல்றாங்களே, உண்மையா?" என்று கேட்டாள். உண்மைதான். அமெரிக்காவின் வட இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நாராயண் ஹோஸ்மனேயின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வே அதுதான்: அந்தக் கறுப்புத் தூளை அமிலத்தில் கழுவிப் பார்த்தபோது, சில அடுக்குகள் மட்டுமே கொண்ட கிராஃபீன் கிடைத்தது. அடுத்த கேள்வி உடனே வந்தது. "அப்படின்னா பிறையில இருக்கற மின்நிலையத்துப் புகையை வச்சே கிராஃபீன் செஞ்சிடலாமே மாமா, ஏன் யாரும் செய்யல?" பள்ளி அறிவியல் விழாவுக்கு அவளுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது, எனக்கோ அந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிராஃபீன் என்றால் என்ன என்று சுருக்கமாக. பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட், கார்பன் அணுக்களால் ஆன தாள்களின் அடுக்கு. தேன்கூட்டு அறைகள் போல அறுகோணம் அறுகோணமாக அணுக்கள் கைகோத்து நிற்கும் தாள்கள். அதில் ஒரே ஒரு தாளை உரித்து எடுத்தால் அது கிராஃபீன். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு அடுக்க ஏறத்தாழ 30 லட்சம் தாள்கள் வேண்டும், அவ்வளவு மெல்லியது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் 2004இல் சாதாரண ஒட்டு நாடாவை வைத்து உரித்து உரித்தே அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள், 2010இல் நோபல் பரிசு வாங்கினார்கள். எஃகைவிடப் பல மடங்கு வலிமை, செம்பைவிட வேகமாக வெப்பம் கடத்தும் திறன், வளைந்துகொடுக்கும் தன்மை எல்லாம் ஒரே பொருளில். நம் மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. 2014இலேயே தேசிய கிராஃபீன் செயல்திட்டம் ஒன்றை அறிவித்து, ரப்பர், மின்கலன், மின்கடத்தும் மை, நெகிழி, வெப்பம் கடத்தும் திரவங்கள் ஆகிய துறைகளைக் குறிவைத்தார்கள். ரப்பர் கையுறை செய்யும் நாடு, பாயான் லெப்பாஸ் முழுக்கச் சில்லுத் தொழிற்சாலைகள் நிற்கும் நாடு, கிராஃபீன் மேல் ஆசைப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

சரி, இப்போது அதை எப்படிச் செய்கிறார்கள்? பெரும்பாலும் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்த கிராஃபைட்டை உரிக்கிறார்கள். 1958இல் ஹம்மர்ஸ் என்பவர் வெளியிட்ட முறை இன்றும் பல இடங்களில் பழக்கத்தில் இருக்கிறது. அடர் கந்தக அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்றவற்றைக் கொட்டிக் கிராஃபைட் அடுக்குகளை விலக்க வேண்டும், கடைசியில் தொட்டி தொட்டியாக அமிலக் கழிவுநீர் மிஞ்சும். மின்னணுக் கருவிகளுக்கு வேண்டிய குறையில்லாத தாள் என்றால் மீத்தேன் வாயுவை ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் செம்புத் தகட்டின் மேல் படிய விடுகிறார்கள், அந்த மீத்தேன் பூமிக்கு அடியிலிருந்து வந்த எரிவாயு. ஒன்றில் சுரங்கமும் அமிலமும், மற்றொன்றில் எரிவாயு. இதற்குப் பதிலாக, எப்படியும் வானத்துக்குப் போகப்போகிற கரியமில வாயுவைப் பிடித்துக் கிராஃபீன் ஆக்கினால் சுரங்கமும் வேண்டாம், காற்றும் சுத்தமாகும் என்ற எண்ணம் யாருக்கும் பிடித்துப்போகும். எனக்கும் பிடித்துத்தான் போனது.

அந்த மெக்னீசியச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ கார்பன் கிடைக்க நான்கு கிலோவுக்கும் சற்று அதிகமாக மெக்னீசியம் எரிய வேண்டும். உலகச் சந்தைக்கு வரும் மெக்னீசியத்தில் பெரும்பகுதி சீனாவில் நிலக்கரிச் சூட்டில் செய்யப்படுகிறது, அப்படிச் செய்யும் ஒரு கிலோவுக்கு 20 கிலோவுக்கு அதிகமாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, ஒரு கிலோ கார்பனில் நாம் சிறைப்பிடித்தது 3.67 கிலோ கரியமில வாயு, அதற்காக எங்கோ வானத்தில் விட்டது 80 கிலோவுக்கும் மேல். வகுப்பறையில் காட்டுவதற்கு இதைவிட அழகான சோதனை கிடையாது, ஆலை வைப்பதற்கு ஆகாது.

இந்த 3.67 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை கூடவே வரும். 44 கிராம் கரியமில வாயுவில் கார்பன் 12 கிராம்தான், மீதி ஆக்சிஜன். 44ஐ 12ஆல் வகுத்தால் 3.67.

மெக்னீசியத்தில் ஏன் இவ்வளவு நட்டம்? அடிப்படைக் காரணத்தைப் புரிந்துகொள்ளப் பத்துமலைக்குப் போனால் போதும். முருகன் சிலைக்குப் பின்னால் நிற்கும் அந்தக் குன்று முழுவதும் சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். அதன் எடையில் 44 சதவீதம் கரியமில வாயு, கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கரியமில வாயு கல்லாவது பள்ளத்தை நோக்கித் தண்ணீர் ஓடுவது மாதிரி, மெதுவாக நடந்தாலும் தானாக நடக்கும். ஆனால் கரியமில வாயுவிலிருந்து கார்பனைத் தனியாக எடுப்பது அந்த 272 படிகளையும் ஏறுவது மாதிரி. விறகுக்குச் சாம்பல் எப்படியோ, கார்பனுக்குக் கரியமில வாயு அப்படி. எரிந்து முடிந்த பொருள் அது. எரியும்போது எவ்வளவு சக்தி வெளியே வந்ததோ அவ்வளவையும் திருப்பிக் கொடுத்தால்தான் சாம்பல் மறுபடி விறகாகும், அதற்கு ஒரு சென் குறைந்தாலும் இயற்கை ஒத்துக்கொள்ளாது. மெக்னீசியம் அந்தச் சக்தியைத் தனக்குள் வைத்திருந்தது, அதை அதற்குள் ஏற்றியது சீனத்து நிலக்கரி. எந்த முறையை எடுத்தாலும் யாராவது ஒருவர் அந்தப் படிகளை ஏறியே ஆக வேண்டும்.

மின்சாரத்தால் ஏறும் வழிதான் இன்றைக்கு அதிகம் பேசப்படுவது, எனக்கு நம்பிக்கை தருவதும் அதுவே. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் லிக்ட் பல ஆண்டுகளாக இதில் உழைத்து வருகிறார். லித்தியம் கார்பனேட் என்ற உப்பு 723 டிகிரி செல்சியஸில் உருகித் தண்ணீர் போல ஆகிவிடும். அந்த உருகிய உப்புக்குள் இரண்டு உலோகத் தகடுகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், ஒரு தகட்டில் கார்பன் படியும், மற்றொன்றில் ஆக்சிஜன் குமிழியிடும். உப்பு தீர்ந்துவிடுமே என்று கேட்கலாம். மிஞ்சுவது லித்தியம் ஆக்சைடு, அது கரியமில வாயுவைக் கண்டால் விடாது, வாயுவை உள்ளே செலுத்தியதும் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி கார்பனேட்டாகிவிடும். கூட்டிக் கழித்தால் உப்பு அப்படியே இருக்கும், உள்ளே போவது கரியமில வாயு, வெளியே வருவது கார்பனும் ஆக்சிஜனும். தகட்டின் உலோகம், மின்னோட்டம், வெப்பநிலை இவற்றைக் கொஞ்சம் மாற்றினால் படியும் கார்பனின் உருவமே மாறுகிறது. 2015இல் நுண்ணிழைகளாக எடுத்தார்கள். பிறகு மெல்லிய தட்டுகளாக வளரவிட்டு, அவற்றை இன்னொரு மின்கரைசலில் வைத்து உரித்துக் கிராஃபீன் ஆக்கினார்கள்.

அலுமினியம் உருக்கும் தொழிலை அறிந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. அங்கேயும் உருகிய உப்பு, அங்கேயும் மின்சாரம், 1886இலிருந்து அப்படித்தான். ஒரே வித்தியாசம், அலுமினியத் தொட்டியில் கார்பன் தகடு கரைந்து கரியமில வாயுவாகப் போகிறது, இங்கே கரியமில வாயு கார்பன் தகடாக வருகிறது. மின்செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ஒரு கிலோ கார்பனைப் பிரிக்கக் கொள்கை அளவில் குறைந்தபட்சம் 9 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு கிலோ சுத்தமான கரியை எரித்தால் வரும் வெப்பமும் அதே அளவுதான். நடைமுறையில் தொட்டிக்கு 1.5 வோல்ட் கொடுத்தால் 13 யூனிட்டைத் தாண்டும். வாயுவைப் புகையிலிருந்து பிரிக்க, படிந்த கார்பனில் ஒட்டியிருக்கும் உப்பைக் கழுவ, தட்டுகளை உரிக்க ஆகும் செலவு தனி, அதையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். 13 யூனிட் என்பது ஒரு குதிரைத்திறன் ஏர்கானை இரண்டு இரவு ஓட்டுகிற அளவு. பணமாகப் பார்த்தால் யூனிட்டுக்கு 40, 50 சென் என்று வைத்தாலும் ஐந்தாறு ரிங்கிட், கிராஃபீன் விற்கும் விலைக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை. ஆனால் புகையாகப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.77 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது, எரிசக்தி ஆணையமே வெளியிட்ட அளவு அது. நாட்டு மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியில் வருவதால் இந்த நிலைமை. 13ஐ 0.77ஆல் பெருக்கினால் 10 கிலோ. 3.67 கிலோவைச் சிறைப்பிடிக்க 10 கிலோவை வெளியே விட வேண்டும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை.

பிறை மின்நிலையம் நிலக்கரி அல்ல, எரிவாயு. புதிய தலைமுறைச் சுழலிகள், யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.37 கிலோதான். அந்த நிலையத்துப் புகையைப் பிடித்து, அதே நிலையத்து மின்சாரத்தைக் கொண்டு கிராஃபீன் செய்தால்? 13 யூனிட்டுக்கு 4.8 கிலோ. அப்போதும் நட்டம்தான். அதுபோக எரிவாயு நிலையப் புகையில் கரியமில வாயு 4 சதவீதம் அளவுதான் இருக்கும், மீதியெல்லாம் நைட்ரஜனும் நீராவியும் மிச்ச ஆக்சிஜனும். அதிலிருந்து இதைப் பிரித்தெடுப்பதே பெரிய வேலை. அக்கா மகள் கேட்ட நேர்க் கேள்விக்கு நேர்ப் பதில் இவ்வளவுதான்: செய்ய முடியும், ஆனால் செய்தால் வானத்துக்குப் போகும் புகை கூடுமே தவிரக் குறையாது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியும். 3.67ஐ 13ஆல் வகுத்தால் 0.28. யூனிட்டுக்கு 0.28 கிலோவுக்குக் கீழே புகைவிடும் மின்சாரம் கையில் இருந்தால் மட்டுமே இந்தத் தொழிலில் பூமிக்கு ஏதாவது மிஞ்சும். மலேசியாவில் அப்படிப்பட்ட மின்கட்டமைப்பு ஒன்று இருக்கிறது, சரவாக். பக்குன் அணை மட்டும் 2,400 மெகாவாட், முரும், பத்தாங் ஆய் அணைகளும் சேர்ந்து அங்கே யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.2 கிலோதான். சாமலாஜுவில் பிரஸ் மெட்டல் நிறுவனம் அலுமினியம் உருக்குவதே அந்த மின்சாரத்தை நம்பித்தான், அதே உருகிய உப்பு வேலைதான் என்பதால் ஆட்களுக்கும் கைப்பழக்கம் இருக்கும். ஆனால் அந்த நீர்மின்சாரத்தைச் சுத்தமானது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பக்குனுக்காக ஏறத்தாழ 10,000 ஓராங் உலு பழங்குடி மக்களை அவர்கள் பூர்வீக நிலத்திலிருந்து எழுப்பி வேறு இடத்தில் குடிவைத்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நாம், அதன் வலி நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புகைக் கணக்கில் அது வராது, ஆனால் கணக்கில் இல்லை என்பதால் விலை இல்லை என்று ஆகிவிடாது.

வேறு வழிகளும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனத்தில் 2019இல் கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் 1,000 டிகிரி வரை சூடாக்கி, செம்பும் பல்லேடியமும் கலந்த தகட்டின் மேல் நேரடியாகக் கிராஃபீன் படிய வைத்தார்கள். நுட்பம் அருமை, ஆனால் ஹைட்ரஜன் எங்கிருந்து வரும் என்று கேட்டால் கேள்வி மறுபடி மின்சாரத்தில் வந்து நிற்கும். ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு, சீரியம் கலந்த திரவ உலோகத்தில் அறை வெப்பநிலையிலேயே கரியமில வாயுவைக் கரித்துகளாக்கினார்கள். சூளை வேண்டாம் என்பது பெரிய விஷயம், இருந்தாலும் வருவது கிராஃபீன் அல்ல, கரி. அப்புறம், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூரின் குழு 2020இல் காட்டிய மின்னல் முறை: பழைய டயர், நெகிழிக் குப்பை, உணவுக் கழிவு எதுவானாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறத்தாழ 3,000 கெல்வினுக்குச் சூடேற்றிக் கிராஃபீன் ஆக்குகிறது. அது கரியமில வாயுவைத் தொடுவதே இல்லை, எரிந்து முடியாத கார்பனை எடுத்துக்கொள்வதால் 272 படி ஏறும் வேலையும் இல்லை. குப்பை கையில் இருக்கும் இடத்தில் அது கரியமில வாயு முறையைவிட நல்ல யோசனை என்பது என் கருத்து.

இங்கேதான் என் மனம் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போனது. ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கழிவுநீர்க் குளத்தின் வாடை மறக்காது. பழக்குலையை ஆவியில் வேக வைத்து எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் பழுப்புத் தண்ணீர் அது. குளத்தில் அது புளிக்கும்போது மேலே வரும் குமிழிகளில் 60 சதவீதம் அளவு மீத்தேன், 35 சதவீதம் அளவு கரியமில வாயு. 4 சதவீதப் புகை எங்கே, இது எங்கே. அதுமட்டுமில்லாமல், இந்தக் கரியமில வாயு செம்பனை மரம் சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து இழுத்தது. பூமிக்கு அடியிலிருந்து வந்த கார்பனைத் திடமாக்கினால் புதிதாக ஏறாமல் தடுக்கிறோம், அவ்வளவுதான். மரம் இழுத்ததைத் திடமாக்கினால் ஏற்கெனவே வானத்தில் இருந்ததையே கீழே இறக்குகிறோம்.

மணிக்கு 60 டன் குலை அரைக்கும் ஓர் ஆலை, ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒரு டன் குலைக்கு 0.65 டன் கழிவுநீர், ஒரு டன் கழிவுநீருக்கு 28 கன மீட்டர் வாயு என்ற வழக்கமான அளவுகளை எடுத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 55 லட்சம் கன மீட்டர் வாயு வரும். அதில் கரியமில வாயு மட்டும் 3,500 டன் அளவு, எல்லாவற்றையும் மாற்றினால் 950 டன் கார்பன். அதற்கு வேண்டிய மின்சாரம் 1 கோடியே 23 லட்சம் யூனிட். பிறகு அதே வாயுவில் இருக்கும் மீத்தேனை எரித்து, 38 சதவீதத் திறனுள்ள வாயு இயந்திரத்தில் மின்சாரம் எடுத்தால் எவ்வளவு வரும் என்று பார்த்தேன். 1 கோடியே 25 லட்சம் யூனிட். நான் இரண்டு முறை சரிபார்த்தேன். ஒரே குளத்தின் வாயுவில் ஒரு பங்கு மூலப்பொருளாகவும் மறுபங்கு அதை மாற்றும் சக்தியாகவும் கிட்டத்தட்டச் சரிசமமாக அமைந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. நாட்டில் ஏறத்தாழ 450 செம்பனை ஆலைகள் இருக்கின்றன.

ஆனால் அங்கேயே நிறுத்தியிருந்தால் தவறான பதிலைத்தான் அவளுக்குக் கொடுத்திருப்பேன். அதே 1 கோடியே 25 லட்சம் யூனிட்டைக் கிராஃபீனுக்குச் செலவழிக்காமல் மின்சார நிறுவனமான தெனாகாவின் கம்பியில் ஏற்றினால், அந்த அளவுக்கு நிலக்கரி, எரிவாயு மின்சாரம் குறையும். 0.77ஆல் பெருக்கிப் பாருங்கள், 9,600 டன் கரியமில வாயு. கிராஃபீன் வழியில் சிறைப்படுவது 3,500 டன். இன்றைய நிலையில் மின்சாரத்தை விற்பதே இரண்டரை மடங்குக்கு மேல் நல்லது! கிராஃபீன் பற்றி வரும் உற்சாகமான செய்திகள் பலவற்றில் நான் காணாத கேள்வி இதுதான். மின்சாரம் சுத்தமானதா என்று மட்டும் கேட்டால் போதாது, அந்தச் சுத்தமான மின்சாரம் வேறு என்ன வேலை செய்திருக்கும் என்றும் கேட்க வேண்டும். சூரியத் தகடு போட்டுச் செய்தாலும் இதே கேள்விதான்.

அப்படியென்றால் எங்கேதான் செய்யலாம்? கம்பி எட்டாத இடத்தில். சபாவின் உட்பகுதியிலும் பகாங்கின் ஆழத்திலும் மின்கட்டமைப்பிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் ஆலைகள் உண்டு. கம்பி இழுக்கும் செலவு கட்டுப்படியாகாததால் அங்கே வாயுவைச் சும்மா கொளுத்திவிடுகிறார்கள், அல்லது திறந்த குளத்திலிருந்து அப்படியே காற்றில் போக விடுகிறார்கள். போக்கிடம் இல்லாத அந்த வாயுவுக்குக் கிராஃபீன் ஒரு போக்கிடம். மின்சாரத்தை லாரியில் ஏற்ற முடியாது, கார்பன் தூளை மூட்டை கட்டி ஏற்றலாம். நடைமுறைத் தொல்லைகள் இல்லாமல் இல்லை. குளத்து வாயுவில் முட்டை அழுகிய நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், அதை முதலில் நீக்க வேண்டும். 750 டிகிரியில் ஒரு தொட்டியை இரவும் பகலும் காப்பதற்கு, எண்ணெய் ஆலையின் கொதிகலனைப் பார்த்துக்கொள்வதற்கு வேண்டியதைவிட வேறு பயிற்சி வேண்டும். கழுவும் தண்ணீரோடு போகும் லித்தியத்தைத் திரும்பப் பிடிக்காவிட்டால் லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

இன்னொன்றையும் பச்சையாகச் சொல்லிவிட வேண்டும், அளவு. ஆண்டுக்கு 10,000 டன் கிராஃபீன் செய்யும் ஆலை ஒன்று நம் நாட்டில் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அது விழுங்குவது 36,700 டன் கரியமில வாயு. மஞ்சோங்கில் இருப்பது போன்ற 1,000 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று இரண்டு நாள் சொச்சத்தில் அவ்வளவையும் வெளியே விட்டுவிடும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. சரவாக் கடலில் பெட்ரோனாஸ் திட்டமிட்டிருக்கும் கசாவாரி எரிவாயுத் திட்டத்தில் கடலடியில் புதைக்கப்போவதாகச் சொல்லும் அளவே ஆண்டுக்கு 33 லட்சம் டன் வரை. புகையைக் குறைப்பதற்கான வழி என்று கிராஃபீனை யாராவது உங்களிடம் விற்க வந்தால் இந்த எண்களை எடுத்துக் காட்டுங்கள்.

கிராஃபீன் புகையைக் குறைக்கக்கூடிய இடம் வேறு, அது போய்ச் சேரும் பொருளில் இருக்கிறது. சிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துமலைக் கல்லின் சொந்தக்காரக் கல்லைச் சூளையில் சுட்டு, அடைபட்டிருந்த கரியமில வாயுவை விரட்டிவிட்டுத்தான் சிமெண்ட் செய்கிறோம், உலகப் புகையில் 7, 8 சதவீதம் அதிலிருந்து வருகிறது. ஒரு டன் சிமெண்டுக்கு அரைக் கிலோ கிராஃபீன் கலந்து, கிடைக்கும் கூடுதல் வலிமையால் சிமெண்டைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க முடிந்தால், மிச்சமாகும் கரியமில வாயு குறைந்தது 60 கிலோ. அந்த அரைக் கிலோ கிராஃபீனுக்குள் சிறைப்பட்டிருப்பது 1.8 கிலோதான். முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். கான்கிரீட்டுக்குள் போன கார்பன் எரியவும் போவதில்லை. டயரில் கலந்தால் டயரின் ஆயுள் கூடலாம், ஆனால் பழைய டயரைக் கடைசியில் எரித்தால் கஷ்டப்பட்டுப் பிடித்ததெல்லாம் மறுபடி வானத்துக்குப் போய்விடும்.

இதைக் கேட்டதும் அக்கா மகள் சரியான இடத்தில் மடக்கினாள். "அப்போ சிமெண்டுக்குச் சுரங்கத்துக் கிராஃபைட்டில செஞ்ச கிராஃபீனே போதுமே மாமா, கரியமில வாயு எதுக்கு?" புகைக் கணக்கு மட்டும் என்றால் போதும்தான். ஆனால் கிராஃபைட்டில் சீனாவின் பிடி மிகப் பெரியது, 2023 டிசம்பரிலிருந்து அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் விதித்திருக்கிறது. மின்கலன் செய்யும் எந்த நாடும் அதைக் கவலையோடு பார்க்கிறது. குளத்திலிருந்தும் புகையிலிருந்தும் கார்பனை எடுக்கத் தெரிந்த நாடு எவர் கதவையும் தட்ட வேண்டியதில்லை. கெடாவிலும் பேராக்கிலும் தோட்டத் தொழில் சுருங்கி, நம் பிள்ளைகள் வேறு வேலை தேடி ஓடும் காலத்தில், ஆலையோடு சேர்ந்து ஒரு வேதித்தொழில் உள்ளூரிலேயே வளர்ந்தால் எனக்கு அது பெரிய சந்தோஷம். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

தரம் பற்றி ஒரு வார்த்தை. கார் பட்டறைப் பலகைகளில் கிராஃபீன் கோட்டிங் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், எஞ்சின் எண்ணெய், தலைக்கவசம், சட்டை வரைக்கும் இந்தப் பெயர் வந்துவிட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் உலகெங்கும் 60 நிறுவனங்கள் விற்ற கிராஃபீனை வாங்கிச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை, மிச்சமெல்லாம் வெறும் கிராஃபைட் தூள். பத்து அடுக்குக்கு மேல் போனால் அதைக் கிராஃபீன் என்று சொல்லக்கூடாது என்பது சர்வதேச வரையறை. கரியமில வாயுவிலிருந்து வருவதற்கும் இதே அளவுகோல்தான், பிறப்பு பசுமையானது என்பதற்காகத் தள்ளுபடி கிடையாது. அடுக்குகளை எண்ண உலகம் முழுவதும் பயன்படுத்துவது ராமன் நிறமாலை. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல், இன்றைக்குக் கிராஃபீன் உண்மையா போலியா என்று சொல்லும் சாட்சியாக நிற்கிறது. இதை அவளிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

மெக்னீசியச் சோதனையைப் பள்ளியில் ஆசிரியர் மேற்பார்வையில் மட்டும் செய்வது என்று முடிவாயிற்று. ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொண்டாள். நிபோங் திபால் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலைக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறோம். ஆலை மேலாளரிடம் கேட்க அவள் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பது மூன்றே கேள்விகள்: ஒரு நாளைக்குக் குளத்திலிருந்து எத்தனை கன மீட்டர் வாயு வருகிறது, இப்போது அதை என்ன செய்கிறீர்கள், பக்கத்தில் இருக்கும் மின்கம்பி எத்தனை கிலோமீட்டர் தூரம்.